வண்டிக்குள் கேட்டது

ஜெயசீலன் ஓட்டிய வெள்ளை வேனை பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் மாத்திரை வண்டி என்றுதான் சொல்வார்கள். பக்கவாட்டில் அறக்கட்டளையின் பெயர் நீல எழுத்தில் பெரிதாக இருந்தும் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அங்கே யாரோ புற்றுநோயில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் வண்டியைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்வார்கள். ஜெயசீலன் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. பையையும் கட்டுப்போடும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு நர்சுக்குப் பின்னால் நடப்பார்.

சொந்த ஊர் சேலியமேடு. அப்பா கரும்பு வெட்டும் கூலிக்காரர். ஜெயசீலன் பதினெட்டு வயதில் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவர். இருபத்தைந்து வருஷம் ஆலைக்குக் கரும்பு ஏற்றினார். அவருடைய அண்ணனுக்குத் தொண்டையில் புற்று வந்தபோது அதே டிராக்டரில் வைக்கோல் பரப்பித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அண்ணன் நாற்பத்தேழு நாள் உயிரோடு இருந்தார். கடைசிப் பத்து நாள் சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தார். ஜெயசீலன் கடலூர் வரைக்கும் போய் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி, வலி அடங்குகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சாகும்போது அண்ணனின் நெற்றித் தோல் உரிந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, வீடு வீடாகப் போய் இந்த மாதிரி நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிற அறக்கட்டளை ஒன்று டிரைவர் தேடுகிறது என்று கேள்விப்பட்டார். டிராக்டரில் வருவதைவிடச் சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் சேர்ந்தார். மனைவி ஆரோக்கியமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்தில் நாலு நர்சுகளுக்கு வண்டி ஓட்டினார். மூன்று பேர் ஒரு வருஷம் தாங்கவில்லை. நின்றது உஷாராணி மட்டும்தான். ஒதியம்பட்டுக்காரி, நாற்பது வயது. குட்டையான உருவம், வேகமான நடை. அழுகிற வீட்டுக்குள் போனால் கூடச் சேர்ந்து அழமாட்டாள். முதலில் ஜன்னலைத் திறப்பாள். பிறகு தரையில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டு புண்ணைப் பிரிப்பாள். புழு வைத்த புண் என்றால் டர்பன்டைன் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். நாற்றம் அடங்க மாத்திரையைப் பொடித்துத் தூவுவாள். இதெல்லாம் முடிகிற வரைக்கும் நோயாளியோடு நெல் விலை, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். புரட்டிப் போட, தூக்கி உட்கார வைக்க, பாயை மாற்ற ஜெயசீலன் வேண்டும். குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் மகன்களையும் மருமகன்களையும் வாசலிலேயே பேசி நிறுத்தி வைப்பதும் அவர் வேலைதான். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை சிஸ்டர் என்பார்.

அவளிடம் இருந்த பெரிய மருந்து மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கிற வலிமருந்து. அதற்கு லைசென்ஸ் வேண்டும், ரிஜிஸ்டர் வேண்டும், மாத்திரைக்கு மாத்திரை கணக்கு வேண்டும். டாக்டர் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். நடுவில் எதுவானாலும் போனில் கேட்டுக்கொண்டு, அடுத்த தடவை வரும்போது நோட்டில் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது. யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

பாகூர் பக்கத்தில் இருசப்பன் என்று ஒரு பெரிய விவசாயி. எழுபது வயது. நெல்லும் கரும்பும் போட்டவர். புறவழிச் சாலையை ஒட்டி அவருக்கு நிலம் இருந்தது. புகையிலை அடக்கியே பழகிய கன்னத்தில் புற்று வந்து, கன்னம் ஓட்டை விழுந்து, வாயை மூடியிருந்தாலும் கடைவாய்ப் பல் தெரிந்தது. பேச்சு போய்விட்டது. மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி, மருந்து எல்லாம். மனைவி தையலம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். மகன் ராஜ்மோகன் டவுனில் மனை வாங்கி விற்கிற தொழிலில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து போவான். மகள் செல்வகுமாரியைச் செல்லிப்பட்டில் கொடுத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் உஷாராணிக்கும் ஜெயசீலனுக்கும் தண்ணீர் கொடுக்கவென்றே ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் காலனிக்காரர்கள் என்பது அந்த வீட்டுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஜெயசீலனுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. குடித்துவிட்டுக் கப்பைத் தாங்களே வெளியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். முதல் தடவை ஜெயசீலன் குடிக்காமல் வைத்துவிட்டார். உஷாராணி குடித்தாள். வண்டியில் ஏறியதும், அந்த ஆளோட எச்சில நான் கையால தொடைக்கிறேன், என் எச்சிலுக்கு அவங்க பயப்படுறாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு நோட்டைப் பிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசி மாசம், நல்ல மழை. இருசப்பன் வீட்டுக்குப் போகிற மண்ரோடு சேறாகக் கிடந்தது. வண்டியை ரோட்டோரமே நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். வாசலுக்கு வருவதற்குள் உள்ளே இருந்து சத்தம் கேட்டது. வாய் இல்லாத மனிதன் தொண்டையிலிருந்து எழுப்புகிற சத்தம். ஜெயசீலன் அதை அண்ணனிடம் ஒரு தடவை கேட்டவர்.

கட்டிலில் இருசப்பன் ஒரு பக்கமாகச் சுருண்டு, தலையணையை நகத்தால் கிழித்து வைத்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. தையலம்மாள் உஷாராணியைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஜெயசீலன் கதவோரமே நின்றதால் அவர் காதிலும் விழுந்தது.

"நேத்துக் காலையிலேருந்து மாத்திர குடுக்கலமா. மோகன் எடுத்து பீரோல வச்சிப் பூட்டிட்டான். இன்னிக்கு மத்தியானம் ரிஜிஸ்டர் ஆபீஸ்காரரு வூட்டுக்கே வராரு. நெலத்த அவம் பேருக்கு எழுதணுமாம். மாத்திர போட்டா அப்பா தூங்கிடுவாரு, தெளிவா இருக்கணும்னு சொல்லிட்டான்."

மகளுக்குப் பங்கு போகாமல் நிலம் முழுவதையும் அப்பா உயிரோடு இருக்கும்போதே தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ராஜ்மோகனின் கணக்கு. உஷாராணிக்கு அந்த வம்பு தேவையில்லை. கட்டிலருகே போய் உட்கார்ந்து, ஐயா, மாத்திரை கொடுக்கட்டுமா என்று கேட்டாள். இருசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடவே இல்லை. தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ராஜ்மோகன் கூடத்தில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு உஷாராணி மழையில் வண்டிக்கு வந்தாள். ஜெயசீலனும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடவில்லை. நோட்டில் எழுத வேண்டும் என்பதால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மழைக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. "முப்பது மணி நேரமா குடுக்கலையா? அப்போ ஒண்ணு பத்தாது சிஸ்டர். ரெண்டு மாத்திரை கரைச்சு டியூப்ல குடுங்க. நாலு மணி நேரம் கழிச்சுப் பழையபடி ஒண்ணு." எழுதிக்கொள்கிறேன் என்று இவள் சொன்னாள். எழுதிக்குங்க, அடுத்த விசிட்டில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொன்னார்.

பீரோவில் பூட்டியது போக, அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை அவளுடைய பையில் இருந்தது. திரும்பிப் போனபோது ராஜ்மோகன் அறைக் கதவில் கையை ஊன்றி நின்றான்.

"ரெண்டு மணி நேரம் பொறுத்தா இன்னா, செத்தா போயிடுவாரு?"

"சாவுறதுக்குத்தான் கெஞ்சிக்கினு இருக்காரு உங்கப்பா" என்றாள் உஷாராணி. "நான் வலிக்குக் குடுக்கிறேன். வழி விடுங்க."

அவள் குரல் உயரவில்லை. அவனுக்குப் பின்னால் தையலம்மாள் வந்து நின்று, விடுடா என்றாள். அவன் கையை எடுத்தான்.

இரண்டு மாத்திரையும் கரைந்து குழாயில் இறங்கி முக்கால் மணி நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. இருசப்பனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இரண்டு நாள் தூங்காத மனிதர் தூங்கினார். ஜெயசீலனும் உஷாராணியும் அவரைப் புரட்டி வேட்டியை மாற்றிவிட்டுக் கிளம்பினார்கள். மத்தியானம் வந்த அதிகாரி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நினைவில்லாதவரிடம் கைரேகை வாங்க முடியாது என்று போய்விட்டாராம். மூன்றாம் நாள் காலையில் இருசப்பன் இறந்துபோனார். அதுவரைக்கும் வலி இல்லை, அமைதியாகத்தான் போனார் என்று தையலம்மாளே போன் செய்து சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ராஜ்மோகன் போலீசில் ஒரு மனு கொடுத்தான். அறக்கட்டளைக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஒன்று. தன் தங்கையிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு, பத்திரம் பதிவாகக் கூடாதென்று நர்சு அளவுக்கு மேல் மருந்து கொடுத்து அப்பாவை மயக்கினாள், அதிலேயே அவர் செத்தார் என்று எழுதியிருந்தான்.

அறக்கட்டளை ஆபீஸ் வில்லியனூரில் ஒரு மாடியில் இருந்தது. நிர்வாகி மணிபாரதி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். போன் வந்தது உண்மை, மாத்திரையை நிறுத்தாதே என்று சொன்னேன், இரண்டு என்று சொன்னதாக ஞாபகமில்லை என்றார் டாக்டர். அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் மாசச் சம்பளத்துக்கு இருப்பவர். உஷாராணியின் நோட்டில் இரண்டு மாத்திரை என்றும் நேரமும் எழுதியிருந்தது. ஆனால் எழுத்து அவளுடையது. ஆள் இறந்துவிட்டதால் டாக்டர் அந்த வீட்டுக்கு மறுபடி வரவில்லை, அவர் கையெழுத்தும் இல்லை. போனில் மூன்று நிமிஷம் பேசியதற்குத் தடயம் இருந்தது. என்ன பேசினார்கள் என்பதற்கு இல்லை. வண்டியில் டிரைவர் இருந்தார், அவரும் கேட்டார் என்று உஷாராணி சொல்லியிருந்தாள்.

மணிபாரதி ஜெயசீலனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டீ வரவழைத்தார். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். டாக்டர் போனிலேயே மார்ஃபின் அளவை மாற்றச் சொன்னார் என்று எழுத்தில் வந்துவிட்டால் அது டாக்டரோடு நிற்காது, அறக்கட்டளையின் லைசென்ஸே போகும் என்றார். நர்சு பதற்றத்தில் தானாக ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிட்டாள் என்று போனால் ஒரு ஆளோடு முடியும். அவளுக்கும் ஒன்றும் ஆகாது, வேறு எங்காவது வேலை கிடைக்கும் என்றார். ஜெயசீலன் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் போச்சுன்னா நம்மகிட்ட மாத்திரை வாங்குற நூத்தி நாப்பது பேரு கத்துவாங்க ஜெயசீலன்" என்றார் மணிபாரதி. "உங்க அண்ணன் கத்துன மாதிரி."

அண்ணன் கதையை வேலைக்குச் சேர்ந்த நாளில் இதே மனிதரிடம்தான் ஜெயசீலன் சொல்லியிருந்தார். அதைப் பத்திரமாக வைத்திருந்து இப்போது எடுக்கிறார் என்று புரிந்தது. புரிந்தும் நூற்று நாற்பது என்ற எண் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கரும்பாலை மூடிக் கிடக்கிறது. ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வண்டி யார் கொடுப்பார்கள்?

"மழ பேஞ்சிக்கினு இருந்துது சார்" என்றார். "சரியா கேக்கல."

அதை ஒருவர் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நடையில் உஷாராணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளின் நோட்டு மடியில் இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். மழை என்று சொன்னேன் என்றார் ஜெயசீலன்.

"ஆமா. மழதான்" என்றாள். நோட்டை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டு உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து போனாள்.

சாயங்காலம் ஆரோக்கியம் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவர் சொன்னார். நூற்று நாற்பது பேரைப் பற்றியும் சொன்னார். அவள் சோறு போட்ட தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க அண்ணன் சாவறப்ப, ஒரு மாத்திர குடுக்க ஆளு இல்லியேன்னுதான ஊரு ஊரா அலைஞ்சீங்க. குடுத்தவள இப்ப நீங்களே தொரத்திட்டு வந்துட்டீங்க" என்றாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

உஷாராணியை வேலையிலிருந்து எடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நாலு தடவை போய்வந்தாள். செல்வகுமாரியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்பாவைக் கொல்லச் சொன்னவள் என்று சொந்தக்காரர்கள் வாயில் விழுந்தால் புகுந்த வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. தை பிறப்பதற்குள், நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமே ராஜ்மோகன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஏதோ துக்கத்தில் எழுதிவிட்டேன் என்று ஸ்டேஷனில் சொன்னானாம். புறவழிச் சாலை நிலத்தில் அளவுக்கல் நட்டுக் கொடி கட்டினார்கள். ஜெயசீலன் வாரத்தில் இரண்டு தடவை அந்த வழியாக வண்டி ஓட்டினார்.

மனு போய்விட்டதே, இனி உஷா சிஸ்டரைக் கூப்பிடலாமே என்று ஒரு நாள் தைரியமாக மணிபாரதியிடம் கேட்டார். விசாரணையில் அவள் மேல் தப்பு என்று முடிவு எழுதியாகிவிட்டது, எழுதியதை எப்படி மாற்றுவது என்றார் அவர். அந்த முடிவுக்கு ஆதாரமாக வைத்திருந்தது ஜெயசீலனின் கையெழுத்து.

லைசென்ஸ் போகவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. மார்ஃபினை இனி நர்சு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, வீட்டு ஆள் மூன்று நாளுக்கு ஒருமுறை வில்லியனூர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்று புது விதி போட்டார்கள். வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீடுகளிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை யார் பஸ் பிடித்து வருவார்கள்? பாதிப்பேர் வருவதை நிறுத்தினார்கள். புதிதாக வந்த நர்சு மகாலட்சுமி இருபத்துமூன்று வயதுப் பெண். கெட்டவள் இல்லை. முந்தின நர்சுக்கு என்ன நடந்தது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் எழுதியதற்கு மேல் கால் மாத்திரைகூடக் கொடுக்க மாட்டாள். டாக்டரும் போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

மாசியில் வீரப்பன் என்ற கொத்தனாரின் வீட்டுக்குப் போனார்கள். எலும்பில் பரவிய புற்று. அவருடைய மனைவி நூறு நாள் வேலைக்குப் போனதால் அந்த வாரம் மாத்திரை வாங்க வர முடியவில்லை. மகாலட்சுமி பிரஷர் பார்த்தாள், புண்ணுக்கு மருந்து வைத்தாள், விதியைச் சொன்னாள். பையில் மாத்திரை இருந்தது, இறந்துபோன வேறொருவர் வீட்டிலிருந்து திரும்ப வாங்கியது, அவர் பேரில். வீரப்பன் அவளிடம் கேட்காமல் ஜெயசீலனைப் பார்த்துக் கும்பிட்டார். ஜெயசீலன் வெளியே வந்து வண்டியில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். ஏற்றிய பிறகும் கேட்டது. வண்டிக்குள் எல்லாம் கேட்கும் என்பது ஒன்பது வருஷம் ஓட்டியவருக்குத் தெரியாதா என்ன.

மே மாதம் நர்சுகள் தினத்துக்கு அறக்கட்டளை ஒரு மண்டபத்தில் விழா வைத்தது. வீட்டு வைத்தியம் பார்க்கும் நர்சுகளுக்கு உறுதுணையாக இருந்தவர் என்று அந்த வருஷம் ஒரு விருது. மேடையேறச் சொல்லி ஜெயசீலன் பேரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கேடயத்தைக் கொடுத்தார்கள். எத்தனை நர்சுகள் வந்தாலும் போனாலும் தூணாக நின்றவர் என்று மைக்கில் பேசினார்கள். கைதட்டலுக்கு நடுவே அவர் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்தார். கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஆரோக்கியம் அதை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. அவரே கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் காலை சாப்பிடாமல் பஸ் ஏறி மதகடிப்பட்டு போனார். அங்கே கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உஷாராணி வேலை பார்க்கிறாள் என்று தெரிந்து வைத்திருந்தார். சர்க்கரை பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். காலேஜ் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயசானவர்கள் என்று ஒரு கைக்கு அடுத்து இன்னொரு கை. அவருடைய முறை வந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை நீட்டச் சொல்லி ரப்பர் பட்டையைக் கட்டினாள். தலையில் நரை கூடியிருந்தது.

"கேட்டுச்சு சிஸ்டர்" என்றார் ஜெயசீலன். "டாக்டரு ரெண்டுன்னு சொன்னது நல்லா கேட்டுச்சு."

"தெரியும்ணே. சத்தத்த கூட்டி வச்சதே நான்தான."

ஊசி இறங்கியது. அவர் இதுவரை போட்டுக்கொண்டதில் அதுதான் வலிக்காத ஊசி. இன்றைக்கே போய் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அவள் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"யாருக்காக எழுதறீங்க? எனக்காகன்னா வேணாம். போலீஸ் டேசன்ல என் பொண்ண பக்கத்துல வச்சிக்கினு, எவ்ளோ வாங்குனன்னு கேட்டாங்க. அத நீங்க எழுதி அழிக்க முடியாது. உங்களுக்குத் தூக்கம் வரணும்னா எழுதிக்குங்க."

ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். வீரப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான். பங்குனியில் போய்விட்டார் என்றார் இவர். எப்படிப் போனார் என்று கேட்டாள். ஜெயசீலன் பஞ்சைத் தானே வாங்கி அழுத்திக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு குழாயில் அவர் பேரை ஒட்டினாள்.

"கைய மடக்கிப் புடிங்க. அஞ்சு நிமிஷம் எடுக்காதீங்க" என்றாள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவர் எழுதினார். ஒரு பக்கம், தன் கையெழுத்திலேயே, டாக்டர் சொன்னது, தான் கேட்டது, ஆபீஸ் அறையில் நடந்தது, எல்லாவற்றையும். மணிபாரதி அதை நின்றபடியே படித்தார். இதனால் இப்போது யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார். திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்றார். ஜெயசீலன் வாங்காமல் வந்துவிட்டார். அந்தக் கடிதம் எந்த ஃபைலுக்குப் போயிற்று என்று தெரியாது. உஷாராணியை யாரும் கூப்பிடவில்லை, டாக்டரை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாசம் கழித்து, வண்டியை இனி வாடகைக் கம்பெனி மூலம் ஓட்டப் போகிறோம், டிரைவரும் அவர்களே தருவார்கள் என்று சொல்லி அவரை நிறுத்தினார்கள்.

இப்போது அவர் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அதுவும் வெள்ளை வேன்தான். போன வாரம் காலை ஷிப்டுக்குப் போகும்போது கரையாம்புத்தூர் ரோட்டில் ஒரு பெண் குறுக்கே ஓடி வந்து கையைக் காட்டினாள். முன்பின் பார்க்காதவள். கண்ணாடியை இறக்கியதும், மாத்திரை வண்டிதானே, மாமனார் மூன்று நாளாகத் தூங்கவில்லை, யாரிடம் கேட்பது என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

இது கம்பெனி வண்டி என்று ஜெயசீலன் சொன்னார். மாத்திரை வண்டி ஆபீஸ் நம்பரைக் கேட்டாள். அவருக்கு அது மனப்பாடம். சொன்னார். அவள் அங்கேயே நின்று போனில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டிலிருந்து ஷிப்டுக்கு நேரமாச்சுண்ணே என்று ஒரு பெண் சொன்னாள். அவர் கியரைப் போட்டார்.